பிரேக்கைப் பார்த்த பிறகு எஞ்சின்

புதுச்சேரியில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரின் கதையை ஸ்கைலைன், சூப்ரா என்று ஆரம்பிக்க முடியாது. அந்த வண்டிகள் எங்கள் ஊர்ப் பையன்களின் அறைச் சுவரில் படமாக ஒட்டியிருந்தன. இறக்குமதி வரியைக் கட்டி அப்படி ஒன்றைக் கொண்டுவந்து இறக்க அப்போது இங்கே ஆள் இல்லை. எங்களுக்கு வாய்த்தது ஜப்பான் எஞ்சின்தான். அதுவும் வேறு யாரோ செய்த பாடிக்குள் உட்கார்ந்துகொண்டு வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் செய்துவரும் வேலையைச் சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவுதான்: கம்பெனிக்காரன் அந்த எஞ்சினுக்குள் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பது, அந்த மிச்சத்தை வெளியே எடுத்தால் மற்ற பாகங்கள் தாங்குமா என்று பார்ப்பது.

நான் தொழில் கற்றது முதலியார்பேட்டையில் ஒரு ஷெட்டில், 1980-களின் தொடக்கத்தில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் அப்போது ஊரில் நிறையப் பேர். அவர்கள் வைத்திருந்த பழைய பெழோ வண்டிகள்தான் எங்கள் ஷெட்டுக்குச் சோறு போட்டன. என் மாஸ்டர் பிரெஞ்சு கார்களில் கை பழகியவர். ஹெட் நட்டை மனசுக்குத் தோன்றிய அளவில் முடுக்கினால் கையிலேயே தட்டுவார். டார்க் ரென்ச் வைத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து, குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். அந்தக் காலத்தில் பல ஷெட்களில் டார்க் ரென்ச்சே கிடையாது. பின்னாளில் அலுமினிய ஹெட் வைத்த ஜப்பான் எஞ்சின்கள் வரிசையாக வந்தபோது, அந்தப் பழக்கம் இல்லாத ஷெட்களில் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்க்கொண்டே இருந்தது. பெழோவில் படித்த பாடம் எனக்கு நிஸ்ஸானில் உதவியது.

அந்த நிஸ்ஸான் 1985-ல் வந்தது. பிரீமியர் 118 என்.ஈ. பாடி பழைய ஃபியட் 124. பானட்டுக்குள் நிஸ்ஸானின் ஏ12 எஞ்சின், 1171 சி.சி., 52 குதிரைசக்தி. வாங்கியவர்களுக்கு அது ஒரு நல்ல குடும்பக் கார். ஆனால் அதே எஞ்சின் ஜப்பானில் சன்னி 1200 காரில் ரேஸ் ஓடிப் பெயர் வாங்கியது. அங்கே ட்யூன் செய்தவர்கள் அதைப் பத்தாயிரம் சுற்று வரைக்கும் ஏற்றினார்கள். புஷ்ராட் வைத்த ஒரு சின்ன எஞ்சின் எப்படி அதைத் தாங்கியது என்று எனக்கு முதல் எஞ்சினைப் பிரித்தபோதுதான் புரிந்தது. கிராங்க் ஷாஃப்டை ஐந்து இடத்தில் பேரிங் பிடித்திருந்தது. அந்த அளவு எஞ்சினுக்கு மூன்று போதும் என்று நினைத்த கம்பெனிகள் அன்றைக்கு உண்டு. மீதி இரண்டு பேரிங்கைப் பார்த்தபோது, இதைச் செய்தவன் நாளைக்கு ஒருவன் இதை முறுக்குவான் என்று தெரிந்தே செய்திருக்கிறான் என்று பட்டது. ஜப்பான் எஞ்சின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

அந்த மரியாதையோடு சோழவரம் போனோம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. செங்குன்றம் தாண்டிப் போக வேண்டும். புதுச்சேரியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, மெட்ராஸில் மாறி, வெயில் ஏறுவதற்குள் அங்கே நிற்போம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள். எனக்கு ஓட்டுகிறவர்களைவிட ஓட்டிய பிறகு பானட்டைத் திறக்கிறவர்கள் மேல்தான் கண். ஒருவர் கார்பரேட்டர் ஜெட்டை மாற்றிவிட்டு, வண்டி திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, கறுப்பாக இருந்தால் அதிகம், வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. இந்தப் பாடத்தை எந்த ஐ.டி.ஐ-யிலும் அப்போது சொல்லித் தரவில்லை. நான் வேலி ஓரத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

பைக்கைச் சொல்லாமல் காருக்குப் போக முடியாது. எங்கள் ஊரில் வண்டி ட்யூன் செய்கிற எவனும் முதலில் கை வைத்தது யமஹாவில்தான். 1985 கடைசியில் வந்த ஆர்.எக்ஸ். 100 ஒரு பக்கம். ஆனால் பெரிய பாடம் சொன்னது ராஜ்தூத் 350. யமஹா ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஃபரீதாபாத்தில் 1983-லிருந்து செய்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 347 சி.சி. அந்த வண்டி ஜப்பானில் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு ஓடியது. இங்கே டிரம் பிரேக்கோடு வந்தது. முறுக்கினால் பாயும், பிடித்தால் நிற்காது. புதுச்சேரி – திண்டிவனம் சாலையில் புளியமரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நின்ற காலம். எனக்குத் தெரிந்த பையன்கள் சிலர் அந்த மரங்களில் போனார்கள். போர்ட்டைப் பெரிதாக்கு, சைலன்சரை மாற்று என்று கேட்டு வருகிறவர்களிடம், முன் டிரம்மைத் திறந்து ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கேபிள் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் நான் எஞ்சினைத் தொடுவதில்லை என்று சொல்ல ஆரம்பித்தது அந்த வருஷங்களில்தான். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கத்தை நான் இன்று வரை மாற்றவில்லை.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. அதே சமயத்தில் மாருதியின் சுசுகி எஞ்சின்கள் நாடு முழுக்கப் பரவின. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா கார்களைச் செய்து பையன்களை ஓட்ட வைத்தார். பிறகு 1993-ல் ஜென், 1994-ல் எஸ்டீம். ஜென்னுக்கு ஒரு லிட்டர் எஞ்சின், எஸ்டீமுக்கு 1.3 லிட்டர். இரண்டும் ஒரே ஜி குடும்பம். எஸ்டீம் எஞ்சினை ஜென்னில் இறக்கினால் என்ன என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். தோன்றியது. எங்கள் தெற்குப் பக்கத்து ஷெட்களில் அது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது.

எஞ்சின் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போவேன். விடியற்காலையிலேயே கூவம் ஓரத்துத் தெருக்களில் கியர்பாக்ஸ்கள் அடுக்கிக் கிடக்கும். அங்கே வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பிசுபிசுவென்று கறுப்புக் கசண்டு ஒட்டினால் அந்த எஞ்சின் ஆயில் மாற்றாமல் ஓடியது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் நம்பர் தட்டிய இடத்தில் உளி பட்ட தடம் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. பேப்பர் இல்லாத எஞ்சினை வாங்கிப் பொருத்திவிட்டு, பின்னால் ஆர்.சி. புக்கில் நம்பர் ஒத்துவராமல் அலைந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

ஜென்னில் 1.3 எஞ்சினை இறக்குவது இரண்டு மூன்று நாள் வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். ரேடியேட்டர் போதாது. கிளட்ச் நழுவும். முன்பக்க எடை கூடியதால் ஸ்ப்ரிங் இறங்கும். இதையெல்லாம் சேர்த்துச் சொன்னால் வருகிறவர் முகம் மாறும். எஞ்சினுக்குக் கொடுத்த பணம் அளவுக்கே மற்றதற்கும் ஆகும் என்று முதலிலேயே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று எங்கள் ஊர்க் காற்று. கடற்கரைச் சாலைக்கு நாலு தெரு தள்ளி நிற்கிற காரும் வில்லியனூரில் நிற்கிற காரும் ஒரே வருஷத்து வண்டியாக இருக்கலாம், அடியில் படுத்துப் பார்த்தால் பத்து வருஷ வித்தியாசம் தெரியும். உப்புக் காற்று பேட்டரி தட்டில் ஆரம்பிக்கும், பிறகு பின்சக்கர வளைவின் உள்மடிப்பு, பிறகு கார்பெட்டுக்கு அடியில் ஃப்ளோர். எர்த் ஒயர் முனையில் பச்சை பிடித்துவிட்டால் அந்த வண்டியில் எந்த சென்சார் சொல்வதையும் நம்ப முடியாது. பவர் குறைகிறது என்று வந்த பல வண்டிகளுக்கு நான் செய்த மருத்துவம், எர்த் பாயிண்ட்களைச் சுரண்டி, புது ஒயர் போட்டு, கிரீஸ் தடவியது மட்டும்தான். வாங்கும்போதே வண்டி எந்தத் தெருவில் நின்றது என்று கேட்கச் சொல்வேன்.

இனி ஹோண்டா சிட்டி. என் தொழிலில் நான் மனசார நேசித்த கார் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1998-ல் வந்தது. 1.5 எஞ்சின் நூறு குதிரைசக்தி கொடுத்தது. 2000-ல் அதில் வீடெக் வந்தது, 106. எண்ணைப் பார்த்தால் ஆறுதான் கூடியிருக்கிறது. ஓட்டினால் வேறு வண்டி.

வீடெக் என்பதை நான் பையன்களுக்குக் கையால் காட்டித்தான் விளக்குவேன். கேம் ஷாஃப்டில் வால்வைத் திறக்கிற மேடுகள் இரண்டு வகை. ஊருக்குள் ஓட்டும்போது சின்ன மேடு வேலை செய்யும், அதனால் மைலேஜும் கிடைக்கும், எஞ்சினும் அமைதியாக இருக்கும். பெரிய மேடு பக்கத்திலேயே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஐயாயிரம் சுற்றை நெருங்கும்போது ஆயில் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளும். ராக்கர்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அந்த நொடியிலிருந்து வால்வைத் திறப்பது பெரிய மேடு. சத்தமே மாறும். ஒரே எஞ்சினுக்குள் இரண்டு கேம். நாங்கள் அதுவரை ரேஸ் கேம் போட்டால் ஐடிலிங் நிற்காது, சாதாரண கேம் போட்டால் மேலே போகாது என்று இரண்டுக்கும் நடுவில் தவித்தவர்கள். ஹோண்டா அந்தத் தவிப்பைக் கம்பெனியிலேயே தீர்த்து அனுப்பியது.

"அண்ணே, வண்டி மேல போக மாட்டேங்குது, வீடெக் செத்துப்போச்சு" என்று வருவார்கள். நான் முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பேன். பாதிக்குப் பாதி ஆயில் குறைந்திருக்கும். அந்தப் பின்னைத் தள்ளுவதே ஆயில்தான். ஆயில் இல்லையென்றால் கம்ப்யூட்டர் பெரிய மேட்டுக்குப் போக விடாது. ஆயில் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் சாலினாய்டைக் கழற்றினால் அடியில் ஒரு சின்ன வலை இருக்கும், அதில் கசண்டு அடைத்திருக்கும். சுத்தம் செய்து, கேஸ்கட் மாற்றி, ஓட்டிக் காட்டினால் அவர்கள் முகத்தில் வருகிற சந்தோஷத்துக்காகவே அந்த வேலையைச் செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டர் அடுத்தது. சூடேறினால் நின்றுபோகும், ஆறினால் ஸ்டார்ட் ஆகும். உள்ளே இருக்கிற இக்னைட்டர் போயிருக்கும். இதைத் தெரியாமல் பெட்ரோல் பம்பை மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் அநேகம்.

பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வருகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த நாளில் ஷெட்டுக்கு வருவார்கள். தாத்தா சொல்தா, அப்பா பாரிஸில் வேலை, பையனுக்கு அங்கே ஒரு பழைய சிவிக். ஒருவன் தன் சித்தப்பாவின் சிட்டியைக் கொண்டுவந்து, "மாமா, இதுல ஜப்பான் பி16 எஞ்சின் போடலாமா?" என்று கேட்டான். 1600 சி.சி., 160 குதிரைசக்தி கொடுத்த எஞ்சின் அது. அங்கே அவன் நண்பர்கள் போட்டிருக்கிறார்களாம்.

"போடலாம் தம்பி. அங்க உன் வண்டில பின்னாடி என்ன பிரேக்?"

"டிஸ்க்."

"இங்க டிரம். டயர் எவ்ளோ அகலம்? சித்தப்பா வண்டிய பாரு."

அவன் குனிந்து பார்த்தான். அந்த விடுமுறையில் நாங்கள் முன் டிஸ்க்கும் பேடும் மாற்றினோம், பிரேக் ஹோஸ்களைப் புதிதாகப் போட்டோம், கொஞ்சம் அகலமான நல்ல டயர், அவ்வளவுதான். ஈ.சி.ஆர். அப்போதுதான் 2002-ல் சுங்கச் சாலையாகச் செப்பனிடப்பட்டிருந்தது. மரக்காணம் வரை ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை மாற்றியது போலவே இருக்கிறது என்றான். நிற்கும் என்று நம்பிக்கை வந்தால்தான் கால் ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தும். இருக்கிற 106-ஐ அவன் அன்றைக்குத்தான் முழுதாக உபயோகித்தான். சித்தப்பாவும் நிம்மதியாக இருந்தார்.

2003-ல் ஹோண்டா இந்த சிட்டியை நிறுத்திவிட்டு, மைலேஜ் கொடுக்கிற 77 குதிரைசக்தி எஞ்சினோடு அடுத்த சிட்டியைக் கொண்டுவந்தது. வியாபாரமாகப் பார்த்தால் அது சரியான முடிவுதான், நன்றாக விற்றது. எங்களுக்கு அது ஒரு இழப்பு. அதை இன்றும் நான் இழப்பாகவே சொல்வேன்.

லான்சர் வேறு மாதிரி ஆசையைக் கிளப்பியது. 1998-லிருந்து திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார். ஃபின்லாந்தின் டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ரேலி சாம்பியன் ஆனது லான்சர் எவல்யூஷனில். திருவள்ளூர் லான்சருக்கும் அந்தக் காலத்து எவோவுக்கும் அடிப்படை பாடி ஒரே தலைமுறை. அதனால் எவோ பம்பர், பின்னால் பெரிய ஸ்பாய்லர் என்று கேட்டு வந்தார்கள். ஃபைபரில் செய்து கொடுக்கிற டிங்கர்கள் எங்கள் ஊரில் உண்டு. நான் அந்த வேலைக்கு ஆள் காட்டினேன், நான் எடுக்கவில்லை. உள்ளே இருந்தது 1.5 லிட்டர். அந்த பம்பரை நியாயப்படுத்த அதனால் முடியாது. 2006-ல் இரண்டு லிட்டர் சீடியா வந்தபோதுதான் லான்சரில் விஷயம் இருந்தது. ரேலிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எவோவையே எம்.ஆர்.எஃப். அணி ஆசிய-பசிபிக் ரேலியில் ஓட்டியது, 2010-ல் ஜப்பானின் டாகுச்சி அந்த அணிக்காக எவோ டென்னில் சாம்பியன் ஆனார்.

அதே எவோ டென் ஒன்று பி.ஒய். நம்பரோடு என் ஷெட்டுக்கு வந்தது. வரி குறைவு என்பதால் வெளியூர்க்காரர்கள் விலை உயர்ந்த கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்த காலம். முகவரி மட்டும் இங்கே, வண்டி ஓடுவது எங்கேயோ. 2017-ல் கேரளத்தில் அது வழக்காகவே வெடித்தது. ஆனால் இந்த எவோவின் உரிமையாளர் உண்மையிலேயே எங்கள் ஊர்க்காரர். டர்போ வண்டியில் பவர் கூட்டுவது காகிதத்தில் சுலபம். பூஸ்டை ஏற்று, கம்ப்யூட்டரில் மேப்பை மாற்று. கையில் ஸ்பேனரே வேண்டாம். லேப்டாப்போடு ஒரு பையன் வந்து செய்துவிட்டுப் போவான். அங்கேதான் நான் தடுத்தேன். ஜப்பானில் ட்யூனர்கள் மேப் எழுதுவது நூறு ஆக்டேன் பெட்ரோலை மனதில் வைத்து. நம் பங்குகளில் அப்போது சாதாரண பெட்ரோல் 91. நூறு ஆக்டேன் இந்தியன் ஆயிலில் 2020 கடைசியில்தான் வந்தது, அதுவும் சில ஊர்களில். அங்கே எழுதிய மேப்பை மே மாத வெயிலில் இங்கே போட்டால் எஞ்சின் நாக்கிங் எடுத்து பிஸ்டன் உடையும். லேப்டாப் பையன் புத்திசாலி. புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று திரையில் காட்டினான். சோழவரத்தில் பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்து ஊகித்ததை அது கோடு கோடாக வரைந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கிங் சத்தத்துக்குக் காது கொடுத்தேன், அவன் திரையைப் பார்த்தான். இருவரும் சேர்ந்து பூஸ்டைக் குறைத்து, டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து ஒரு மேப் எழுதினோம். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. அவனிடமிருந்து நான் லேப்டாப் கற்றுக்கொண்டேன்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றினால் பதிவு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. எஞ்சினை மாற்றுவதென்றால் அதே வகை எஞ்சின், அதற்கும் முன் அனுமதி. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், அகல டயர் என்று ஓட்டியவர்கள் பயந்து ஒரிஜினல் பாகம் தேடி வந்தார்கள். கழற்றிய கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக் கடையில் போட்டவர்கள் தவித்தார்கள். என்னிடம் கழற்றிய எதையும் சாக்கில் கட்டி, நம்பர் எழுதி, உரிமையாளரிடமே கொடுத்துவிடுவேன் என்பதால் என் ஆட்களுக்குச் சிக்கல் வரவில்லை. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. அதைக் கட்டியும் சிட்டி வீடெக்கை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சீண்டுவாரில்லாமல் கிடந்த அந்த வண்டிக்கு இப்போது சென்னை, பெங்களூரிலிருந்து தேடி வருகிறார்கள்.

இப்போது என் நேரத்தை அதிகம் எடுப்பது ரப்பர். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. இந்தக் கார்கள் செய்யப்பட்ட காலத்தில் அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பெட்ரோல் ஹோஸ் உப்பும், வெடிக்கும், இன்ஜெக்டர் ஓ-ரிங் இறுகிப்போகும். கார்பரேட்டர் வைத்த ஜென், 118 என்.ஈ. என்றால் கிண்ணத்துக்குள் வெள்ளைத் தூள் படியும். நிறுத்தி வைக்கிற வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம், ஓடுகிற வண்டி தப்பிக்கும். ஆசையாக வைத்திருக்கிறவர்கள் மூடிப் போட்டு வைக்கிறார்கள். நான் வாரம் ஒருமுறையாவது எடுத்து ஓட்டச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி 2002 வீடெக் ஒன்றை வாங்கி வந்தார். ஐ.டி. வேலை. எஞ்சினை இறக்கி, போர் அடித்து, கேம் மாற்ற வேண்டும் என்று பெரிய பட்டியல் வைத்திருந்தார். கம்ப்ரஷன் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் ஒரே அளவில் நின்றன. இருபது வருஷம் ஓடிய எஞ்சின். "தம்பி, இத நான் பிரிக்க மாட்டேன்" என்றேன். ஹோஸ்கள், எஞ்சின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், டிஸ்ட்ரிபியூட்டர், எர்த் ஒயர், பின்சக்கர வளைவில் துரு வெட்டி வெல்டிங், பிரேக் முழுக்க. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டே ஒன்றுக்கு எடுத்துப் போனார். வந்ததும் எனக்குப் போன். பிரேக் சூடானதும் பெடல் கொஞ்சம் இறங்குகிறதாம், எஞ்சினில் ஒரு குறையும் இல்லையாம். அதிகச் சூடு தாங்குகிற பிரேக் ஃப்ளூயிட் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மாற்றிவிட்டு, கேம் பற்றி அதற்கப்புறம் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.